கொஞ்சம் அங்குட்டுத் திரும்புங்க

இதையெல்லாம் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். சுபலட்சுமி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளோ பாதி சொல்லிவிட்டுப் பேசாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பவள். அவள் விட்ட இடங்களை நானாக நிரப்பிக்கொண்டேனோ என்னவோ. கீழச்சிவல்பட்டி கிளினிக்கின் கூடத்தில் விழுந்த வெளிச்சம் பச்சை என்று என் நினைவு. அவளைக் கேட்டால் நீலம் என்பாள். இந்தக் கதையில் ஒரு மழை வரும். அன்றைக்கு மழையே பெய்யவில்லை என்று அவளே ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அந்தக் கூடத்தில் கேட்ட சத்தத்தைப் பற்றி மட்டும் எத்தனை தடவை கேட்டாலும் ஒரே மாதிரிதான் சொல்வாள். அதை நம்பித்தான் மற்றதையும் சொல்லத் துணிகிறேன்.

காரைக்குடி செக்காலை ரோட்டில், முன்பு அரிசி மண்டியாக இருந்த ஒரு நீளக் கட்டடத்தில் அவள் வேலை பார்த்தாள். அங்கே செய்தது ஒரே ஒரு பொருள். மதுரையில் டாக்டர் ஒரு கைப்பிடியைப் பிடித்துச் சாய்ப்பார். எங்கோ ஒரு கிராமத்தில், கட்டிலில் படுத்திருப்பவரின் மார்பின் மேல் ஒரு இயந்திரக் கை ஸ்கேன் கருவியைப் பிடித்துக்கொண்டு அதே மாதிரிச் சாயும். உள்ளே துடிக்கிற இதயம் டாக்டரின் திரையில் தெரியும். இந்த எக்கோ ஸ்கேன் எடுக்க யாரும் மதுரைக்குப் பஸ் ஏற வேண்டாம்.

அந்தக் கையின் வடிவம் சுபலட்சுமியின் பொறுப்பு. வளைந்த மூன்று துண்டுகள், ஒன்றையொன்று தழுவினாற்போல. அவை எப்படித் திரும்பினாலும் ஒரு புள்ளி மட்டும் அசையாது. அந்தப் புள்ளி இயந்திரத்துக்குள் இல்லை. அதற்குக் கீழே, வெறும் காற்றில் இருந்தது. நோயாளியின் தோல் அந்தப் புள்ளிக்கு வந்து சேரவேண்டும். அப்போதுதான் கருவி தோலை இழுக்காமல், வழுக்காமல், நின்ற இடத்திலேயே நின்று எல்லாப் பக்கமும் சாயும். சில நாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபின் அவள் அந்தக் கையை மெதுவாகத் திருப்பிவிட்டு, அந்த இல்லாத புள்ளியின் அடியில் தன் விரல் நுனியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். உலகமே சுற்றிக்கொண்டிருக்க, விரல் நுனியில் மட்டும் ஒன்றும் நடக்காது. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

எவ்வளவு சாயவேண்டும் என்பதில்தான் எல்லாச் சிக்கலும். நிறையச் சாயவேண்டும் என்றால் துண்டுகள் நீள வேண்டும், கனக்க வேண்டும். மார்பின் மேல் கொக்கு வந்து உட்கார்ந்தது போல ஆகிவிடும், படுத்திருப்பவர் பயந்துபோவார். சின்னதாக்கினால் அழகாக இருக்கும், சாயாது. கம்ப்யூட்டர் ஆயிரக்கணக்கான வடிவங்களை ஒவ்வொன்றாக வரைந்து, நிறுத்துப் பார்த்து, அழித்துக்கொண்டே போகும். ஆனால் ஒரு மனிதக் கை உண்மையில் எவ்வளவு சாய்கிறது என்று அதற்கு யாராவது சொல்லியாக வேண்டும்.

அதற்காக அவள் ஒரு மாதம் மதுரையில் டாக்டர் ஜனனியின் ஸ்கேன் அறையில் உட்கார்ந்திருந்தாள். ஜனனி காரைக்குடிக்காரர்; நாற்பது வயதைத் தாண்டிய, அதிகம் சிரிக்காத இதய மருத்துவர். அவருடைய கையுறையின் முதுகில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு உணர்கருவியை ஒட்டி, கையின் ஒவ்வொரு சாய்வையும் பதிந்துகொண்டாள். ஏசியின் குளிர், அரை இருட்டு, திரையில் தண்ணீருக்கடியில் ஏதோ ஒரு பூ விரிந்து மூடுவது போன்ற படம். அவள் அந்தக் கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவில் காதை வைத்துக் கேட்கிறவர் அசையாமல் இருப்பதைப் போல அந்தக் கை இருந்தது. அவ்வளவு கொஞ்சமாகத்தான் அது சாய்ந்தது.

பதிவுகளும் அதையேதான் சொல்லின. எனவே கம்ப்யூட்டர் தேர்ந்தெடுத்த வடிவம் சின்னதாக இருந்தது, இரண்டு உள்ளங்கையில் அடங்குகிற அளவு. கட்டுப்பாட்டு மென்பொருளை எழுதிய அக்ஷய் அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுக்கு ஒரு கொலுசு மட்டும் போட்டுவிட்டா மாப்பிள்ளை பார்த்துரலாம்," என்றான்.

"மாப்பிள்ளை உன்னை மாதிரி இருந்தா அதுவே வேண்டாம்னு சொல்லிரும்," என்றாள் சுபலட்சுமி. ஆனால் அன்று முழுக்க அவளுக்கு மனம் நிறைந்திருந்தது.

முதல் கையைக் கீழச்சிவல்பட்டியில் வைத்தார்கள். மலேசியாவில் இருக்கும் ஒரு குடும்பத்தின் அறக்கட்டளை, தங்கள் வீட்டின் முன்கூடத்தைக் கிளினிக்காக்கி வைத்திருந்தது. உயரத்தில் வண்ணக் கண்ணாடி. வெயில் ஏற ஏறத் தரையில் அந்த வண்ணம் கட்டிலை நோக்கி ஊர்ந்து வரும். நர்ஸ் முத்துமாரிதான் அங்கே எல்லாம். தொடக்கத்தில் ஒரு தொல்லை இருந்தது: படுத்திருப்பவர் கொஞ்சம் அசைந்தாலும் கை சட்டென்று மேலே தூக்கிக்கொண்டு கீச்சென்று கத்தும். யாருக்கும் அடிபட்டுவிடக்கூடாது என்று சுபலட்சுமியே செய்த ஏற்பாடு அது. இரண்டு மூன்று பேர் அலறிப்போய் எழுந்து உட்கார்ந்த பிறகு முத்துமாரி தன் சட்டத்தைக் கொண்டுவந்தாள். "மிசின் கிட்ட வந்துருச்சுன்னா அசையாதீக. இமைகூட ஆட்டாதீக. டாக்டரம்மா மதுரையில இருந்து பார்த்துக்கிட்டு இருக்காக."

சனங்கள் அதை உயிராகப் பிடித்துக்கொண்டார்கள். கற்பூரம் காட்டுகிற நேரத்தில் நிற்பதைப் போல, மூச்சைக்கூடச் சுருக்கிக்கொண்டு படுத்திருந்தார்கள். கை ஒருமுறைகூடக் கத்தவில்லை. காரைக்குடியில் எல்லோருக்கும் சந்தோஷம்.

அந்தக் கட்டிலில் மூன்று மாதத்துக்கொரு தடவை படுத்தவர்களில் ஒருத்தி அம்மாக்கண்ணு. சுபலட்சுமியின் தாய். கிளினிக்குக்குப் பின்தெருவில் ரவிக்கை தைக்கிறவள். தச்சு வேலை பார்த்த கணவர் போனபின் அந்தத் தையலில்தான் மகளை இன்ஜினியரிங் படிக்கவைத்தாள். ஐம்பத்தாறு வயது. இதயத்திலிருந்து ரத்தம் வெளியே போகிற வாசலில் உள்ள வால்வு அவளுக்குச் சுருங்கிக்கொண்டு வந்தது. வாசல் சுருங்கச் சுருங்க ரத்தம் வேகமாகப் பீறிடும். அந்த வேகத்தை எக்கோவில் அளக்கலாம். அது நொடிக்கு நான்கு மீட்டரைத் தாண்டினால் ஆபரேஷன் செய்து வால்வை மாற்றவேண்டும், தாமதித்தால் ஆபத்து. தாண்டாதவரை காத்திருக்கலாம். ஒரே ஒரு தடவை மதுரைக்குப் போய் எடுத்தபோது, வழியெல்லாம் வாந்தி. அங்கே மார்பைத் திறந்து காட்டச் சொன்ன ஆண் பிள்ளை வேறு. இனி செத்தாலும் அங்குட்டுப் போகமாட்டேன் என்று வந்து படுத்தவள்தான். இந்தக் கையைச் செய்யும் வேலைக்கு ஏன் சேர்ந்தாய் என்று யாரும் சுபலட்சுமியைக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டாள்.

கை ஒவ்வொரு முறையும் மூன்றையொட்டியே சொன்னது. நடுத்தரம். பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது, தையல் மெஷினில் புதிதாக ஒரு மோட்டார் மாட்டியிருப்பதைச் சுபலட்சுமி பார்த்தாள்.

"என்னம்மா இது, மிதிச்சுத் தைச்சாத்தான் தையல் பேசும்னு சொல்லுவ?"

"காலம் மாறுதுல்ல. நீ மட்டும் மிசின் செய்வ, நான் மிதிச்சுக்கிட்டே கிடக்கணுமாக்கும்?"

அம்மாக்கண்ணு சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கொடியில் துணி காயப்போடக் கையை உயர்த்தினாள். உயர்த்திய கை அப்படியே இருக்க, ஆள் மட்டும் கீழே சரிந்தாள். ஈரச்சேலை அவள்மேல் மெல்ல வந்து மூடியது. அந்தக் காட்சி வெகு நிதானமாக நடந்ததாகத்தான் சுபலட்சுமிக்குத் தோன்றும். சேலை விழ ஒரு மத்தியானம் முழுக்க ஆனது போல.

முகத்தில் தண்ணீர் தெளித்ததும் கண் திறந்தாள். "வெயிலுடி."

"வெயில் இல்ல. வா, நாளைக்கே மதுரை போவோம். கார் வச்சுக் கூட்டிட்டுப் போறேன்."

"எதுக்கு?"

"டாக்டர் நேர்ல பாக்கட்டும்."

அம்மாக்கண்ணு எழுந்து உட்கார்ந்து கூந்தலை முடிந்தாள். "போன வாரந்தான் பாத்தாக. உன் மிசின்தான நல்லா இருக்குன்னு சொல்லுச்சு? ஊரெல்லாம் என் மக செஞ்சதுன்னு சொல்லிக்கிட்டுத் திரியிறேன். இப்ப அது பொய் சொல்லுதுங்கிறியா?"

சுபலட்சுமி கீழே கிடந்த ஈரச்சேலையை எடுத்து மறுபடி கொடியில் போட்டாள். கொடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இவள் நம்புகிறது என்னையல்ல, நான் செய்ததை என்று சுபலட்சுமி நினைத்தாள். நான் செய்ததை நானே நம்பலாமா என்று அதற்குப் பிறகு நினைத்தாள்.

மறுநாள் தனியாக மதுரைக்குப் போனாள். திருப்பத்தூரில் பஸ் மாறியபோது மழை பிடித்துக்கொண்டது. பெய்ததோ இல்லையோ, பஸ் ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவளுக்கு எல்லாமே கரைந்து தெரிந்தது என்பது நிச்சயம்.

ஜனனி அம்மாக்கண்ணுவின் பழைய படங்களைத் திரையில் ஓடவிட்டுப் பார்த்தார். "படம் தெளிவாத்தான் இருக்கு சுபா. வேகம் மூணுதான். ஆனா மயக்கம் வந்திருக்குன்னா... இரண்டும் ஒட்டலையே." கொஞ்சம் யோசித்தார். "ஒரு பேஷண்ட் காத்திருக்காரு. முடிச்சுட்டுப் பேசுவோம். நீ உக்காரு."

சுபலட்சுமி பழைய மூலையில், பழைய முக்காலியில் உட்கார்ந்தாள். வந்தவர் பூமிநாதன் என்ற ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். தொந்தியும் மீசையுமாகப் பெரிய ஆள். அவருக்கும் அதே வால்வில்தான் கோளாறு. ஜனனி கருவியை வைத்தார். கை அசையாமல் நின்றது, கதவில் காது வைத்துக் கேட்பது போன்ற அதே கை. சுபலட்சுமிக்குத் தூக்கமும் அழுகையும் சேர்ந்து வந்தது. கண்ணை மூடினாள்.

கண்ணை மூடியதால்தான் அது காதில் விழுந்தது.

"கொஞ்சம் அங்குட்டுத் திரும்புங்க," என்றார் ஜனனி. கட்டில் முனகியது. "இன்னும் கொஞ்சம். மூச்சை விட்டுருங்க. இப்ப இந்தப் பக்கம் முழுசாத் திரும்புங்க, வலது பக்கம். ம். இன்னும்."

"டாக்டரம்மா, இதுக்கு மேல திரும்புனா ரிவர்ஸ் கியர்தான் போடணும்."

"இன்னும் கொஞ்சம் அங்குட்டு."

சுபலட்சுமி கண்ணைத் திறந்தாள். அந்தப் பெரிய உடம்பு முழுக்க ஜனனியின் சின்னக் கையைச் சுற்றித் திரும்பிக்கொண்டிருந்தது. ஒரு மாதம் இதே இடத்தில் உட்கார்ந்து பார்த்தவள் அதைப் பார்த்ததே இல்லை. கை சாயாமல் இருந்ததற்குக் காரணம், சாயவேண்டியதையெல்லாம் கட்டிலில் கிடந்தவர்கள் சாய்ந்துகொடுத்ததுதான். உணர்கருவியைக் கையில் மட்டும்தான் ஒட்டியிருந்தாள். கம்ப்யூட்டர் ஆயிரம் வடிவங்களை நிறுத்துப் பார்த்ததும் அந்தப் பாதியை வைத்துத்தான். மறு பாதியை முத்துமாரி கட்டிலோடு சேர்த்து அசையாமல் கட்டிப்போட்டிருந்தாள். அப்படிக் கட்டச் சொன்னது யார்? அசைந்தால் கத்து என்று கைக்குச் சொல்லிக்கொடுத்தவள் தான்தான்.

"டாக்டர், நீங்க எப்பவும் இப்படித் திரும்பச் சொல்லுவீங்களா?"

ஜனனி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எப்படி?"

"அங்குட்டுத் திரும்புங்கன்னு."

"நானா? நான் சொன்னேனா?"

"நீங்க சொல்லாம நான் என்ன ஆசைக்கா உருளுறேன்?" என்றார் பூமிநாதன்.

ஜனனியின் கை நின்றது. கருவியின் நுனியில் தடவியிருந்த பசை பூமிநாதனின் விலாவில் வழிந்தது, யாரும் துடைக்கவில்லை. பிறகு ஜனனி சொன்னார்: "ரத்தம் எந்தத் திசையில பீறிடுதோ, அதுக்கு நேர் எதிர்ல கருவி நிக்கணும். கோணம் தப்பினா வேகம் குறைச்சலாத்தான் காட்டும். உங்கம்மாவுக்கு வலது பக்கத்துல இருந்து நான் பாக்கவே இல்லை. கைப்பிடி அந்தப் பக்கம் போகலை. போகலைன்னா அங்க ஒண்ணும் இல்லைன்னு நினைச்சுட்டேன் போல."

"நானும்," என்றாள் சுபலட்சுமி.

இரண்டு நாள் கழித்துக் கீழச்சிவல்பட்டிக் கூடத்தில், அவளும் முத்துமாரியும் சேர்ந்து கையின் தாங்கியைக் கட்டிலின் இடப்பக்கத்திலிருந்து கழற்றி வலப்பக்கம் கொண்டுவந்து பூட்டினார்கள். காரைக்குடியிலிருந்து அக்ஷய், கை தூக்கிக்கொள்ளும் ஏற்பாட்டை நிறுத்திவைத்தான். "அக்கா, இப்ப அது யாரையும் பாத்துப் பயப்படாது. நீங்கதான் பயப்படணும்," என்று போனில் சொன்னான். சுபலட்சுமி தன் உள்ளங்கையை இயந்திரக் கையின் அடியில் கொடுத்துக்கொண்டாள், அது தாயின் மார்பை அழுத்தினால் தான் தாங்கிக்கொள்வதற்கு. திரையில் ஜனனியின் முகம் சின்னதாக இருந்தது. கண்ணாடி வழியே வந்த வண்ணம் கட்டிலின் காலைத் தொட்டிருந்தது.

அம்மாக்கண்ணு வழக்கம்போல மரமாகக் கிடந்தாள்.

"அம்மா, கொஞ்சம் அங்குட்டுத் திரும்பு."

"அசையக்கூடாதுடி. முத்துமாரி வையும்."

"நான் ஒண்ணும் வையமாட்டேன் அக்கா, திரும்புங்க," என்றாள் முத்துமாரி பரிதாபமாக.

"நேத்து வரைக்கும் இமைய ஆட்டாதீகன்ன. இன்னைக்கு உருளச் சொல்ற. என்னத்த ஆஸ்பத்திரியோ."

சுபலட்சுமி குனிந்து தாயின் காதோடு சொன்னாள்: "அம்மா, மிசின் பொய் சொல்லலை. அதுக்கு எட்டுற இடத்தைத்தான் அது சொல்லுச்சு. எட்டாத மாதிரிச் செஞ்சது நான். பாதிதான் செஞ்சிருக்கேன். மீதிய நீதான் செய்யணும்."

அம்மாக்கண்ணு மகளைப் பார்த்தாள். ரவிக்கை அளவெடுக்கும்போது ஆளைப் பார்ப்பாளே, அப்படி. பிறகு வலப்பக்கம் ஒருக்களித்தாள். கை சாயக்கூடிய மட்டும் சாய்ந்து நின்றது. இன்னும் கொஞ்சம் என்றாள் சுபலட்சுமி. அம்மாக்கண்ணு இன்னும் கொஞ்சம் திரும்பினாள். காற்றில் கிடந்த அந்தப் புள்ளி தாயின் மார்பெலும்பின் ஓரத்தில் வந்து பதிந்ததைச் சுபலட்சுமி உள்ளங்கையில் உணர்ந்தாள். மூச்சை விடு என்றாள். அம்மாக்கண்ணு விட்டாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. ரத்த ஓட்டத்தைச் சத்தமாக்கித் தருகிற ஸ்பீக்கரிலிருந்து வந்ததுதான், ஆனால் கூடத்தின் தரையிலிருந்து எழுவதைப் போல இருந்ததாம். இதுவரை கேட்டதெல்லாம் மரத்தில் காற்றடிக்கிற மாதிரி, மெத்தென்று. இது அப்படியில்லை. சாத்திய கதவின் இடுக்கில் புயல்காற்று நுழைவது போல, ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு சீறல். இத்தனை நாளாக இது உள்ளேயே இருந்திருக்கிறது. துணி தைக்கும்போதும், சோறு வடிக்கும்போதும், மகளோடு சண்டை போடும்போதும். சுபலட்சுமி தாயின் முதுகைப் பார்த்தாள். திரையின் ஓரத்தில் எண் மூன்றைத் தாண்டியது, நான்கைத் தாண்டியது, நாலரைக்கும் மேலே போய் நின்றது.

வண்ண வெளிச்சம் கட்டிலின் மேலேறி அம்மாக்கண்ணுவின் பாதத்துக்கு வந்துவிட்டது.

"போதும் சுபா," என்றார் ஜனனி திரையிலிருந்து. "எடுத்துரு."

"என்னடி," என்றாள் அம்மாக்கண்ணு, சுவரைப் பார்த்துக்கொண்டே. "பாஸா, பெயிலா?"

"நான் பெயிலு. உனக்கு ஆபரேஷன்."

அம்மாக்கண்ணு மெல்ல மல்லாந்தாள். "கார்ல முன் சீட்டுன்னா வர்றேன்," என்றாள். "பின்னால உக்காந்தா எனக்கு வாந்தி வரும்."

அந்த மாதமே மதுரையில் வால்வை மாற்றினார்கள். உலோக வால்வு. அறுவை செய்த டாக்டரும் ஒரு பெண்தான். அதே கிளினிக்கில் முன்பு பார்த்த எல்லோரையும் ஜனனி திரும்ப அழைத்து, வலப்பக்கமிருந்தும் பார்த்தார். இன்னும் ஒருவருக்கு எண் மாறியது, அவரும் பிழைத்தார். ஜனனி மதுரையில்தான் இருக்கிறார். திரும்புங்க என்று சொல்லும்போதெல்லாம் இப்போது அவருக்கே காதில் விழுகிறதாம். பூமிநாதன் அடுத்த ஆண்டு இறந்துபோனார், இதயத்தால் அல்ல, மஞ்சள்காமாலையால். அக்ஷய் பெங்களூருக்குப் போய்விட்டான். முத்துமாரி அதே கூடத்தில் இருக்கிறாள். நோயாளிகளை உருளச் சொல்லிச் சத்தம் போடுகிறாள். அந்தச் சின்னக் கை செக்காலை ரோட்டில் ஒரு அலமாரியில் இருக்கிறது. சுபலட்சுமி செய்த இரண்டாவது கை அதைவிடப் பெரியது, பார்க்க அழகில்லை, படுத்திருப்பவர் திரும்பினால் கத்தாமல் கூடவே திரும்பும். இப்போது நான்கு ஊர்களில் அது இருக்கிறது. ஊருக்குப் போகும்போது அவள் தாயின் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். வீடு அமைதியானால் அந்த வால்வு கைக்கடிகாரம் போல டிக் டிக்கென்று கேட்கும். அம்மாக்கண்ணு நன்றாக இருக்கிறாள். தையல் மெஷினிலிருந்து மோட்டாரைக் கழற்றிவிட்டாள், மறுபடி மிதித்துத்தான் தைக்கிறாள்.